துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தவன்

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் என்கிற வெள்ளைக்காரத் தளபதியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் அநேகமாக அவனுடைய சிலையைப் பற்றித்தான். மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சருக்கு எதிரே நின்ற சிலை, அதை எடுக்கச் சொல்லி 1927-இல் நடந்த சத்தியாக்கிரகம், சிறைக்குப் போன தொண்டர்கள், காந்தியின் ஆதரவு, 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சிலை அகற்றப்பட்டது, கடைசியில் அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது - கதை இவ்வளவுதான். காமராஜர் வாழ்க்கை வரலாறுகளில் சில பக்கங்கள், தியாகிகள் பட்டியலில் சில பெயர்கள், பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தி. கல் போய்விட்டது, விஷயம் முடிந்தது. கல்லாக நின்றவன் உயிரோடு இருந்தபோது என்ன செய்தான், அதை எப்படி வாசிப்பது என்ற கேள்விகள் இந்தக் கதைக்குள் வருவதில்லை. வந்தாலும் ஒரே சொல்லில் அடக்கமாகிவிடுகின்றன: 'பழிவாங்கல்'. கான்பூரில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள், அதற்கு நீல் கொடூரமாகப் பழிவாங்கினான். நம் பாடநூல் அவனை இப்படித்தான் அறிமுகம் செய்கிறது.

இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இது நாம் உண்டாக்கிய சொல் இல்லை. கலகத்தை அடக்கியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதையின் மையச் சொல் அது. சிலையைப் பெயர்த்தெடுத்த தேசியம், சிலைக்குக் கீழே இருந்த இந்தச் சொல்லை மட்டும் பெயர்க்காமல் வைத்துக்கொண்டது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும், சொல் உதிர்ந்துவிடும். நீல் தலைமையில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவு (இவர்களுக்கு 'நீலத் தொப்பிகள்' என்றொரு பட்டப்பெயர் உண்டு, அதற்கும் அவன் பெயருக்கும் தமிழில் ஒரு தற்செயலான ஒலிப்பொருத்தம், அவ்வளவுதான்) மதராசிலிருந்து கப்பலேறி 1857 மே 23-இல் கல்கத்தா சேர்ந்தது. அங்கே ஹௌராவில் ரயில் காத்திருக்காது என்று சொன்ன நிலைய அதிகாரியையும் எஞ்சின் ஓட்டுநரையும் காவலில் வைத்துவிட்டுத் தன் ஆட்களை ஏற்றினான் என்பது ஆங்கில நூல்கள் ரசித்து ரசித்துச் சொல்லும் சம்பவம். ஜூன் 4-இல் காசியில் சிப்பாய்களின் ஆயுதங்களைக் களைகிறேன் என்று தொடங்கிய அணிவகுப்பு பீரங்கிச் சூட்டில் முடிந்தது. அதற்குப் பின் ஊருக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் தூக்குப் போடும் குழுக்கள் கிளம்பின. கலகக்காரர்களின் கொடியைப் பிடித்துக்கொண்டு தமுக்கடித்து விளையாடிய பையன்களைக்கூடத் தூக்கில் போட்டார்கள். தண்டனை விதித்த அதிகாரிகளில் ஒருவரே கண்ணீரோடு போய் மேலதிகாரியிடம் கெஞ்சியும் பலனில்லை. சொல்பவர் ஜான் கே - 1857 பற்றிய ஏகாதிபத்திய வரலாற்றின் முதன்மை ஆசிரியர். ஜூன் 11-இல் நீல் அலகாபாத் கோட்டைக்குள் நுழைந்தான். அடுத்த சில நாட்களில் ஊரும் சுற்றியிருந்த கிராமங்களும் என்ன ஆயின என்பதற்கு, பின்னாளில் அந்த வழியே பயணம் போன வங்காளி போலாநாத் சந்தர் 1869-இல் வெளியிட்ட பயணநூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. நாற்சந்திகளிலும் கடைத்தெருக்களிலும் தொங்கிய பிணங்களை இறக்கி ஏற்றிக்கொண்டு எட்டு வண்டிகள் மூன்று மாதம் காலையிலிருந்து மாலைவரை போய்க்கொண்டிருந்தன என்கிறார். ஆறாயிரம் பேர் என்று ஒரு கணக்கும் தருகிறார். கணக்கை விடுங்கள். எட்டு வண்டி, மூன்று மாதம். (அந்த வண்டிகளில் பிணத்தைத் தூக்கிப் போட்டவர்கள் யார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.)

ஜூன் கடைசியில் மேஜர் ரெனோ என்பவனைக் கான்பூர்ச் சாலையில் முன்னால் அனுப்பும்போது நீல் எழுத்துமூலம் கொடுத்த உத்தரவு இருக்கிறது. குறிப்பிட்ட சில கிராமங்களை அழித்து அங்குள்ள ஆண்களைக் கொல்ல வேண்டும். ஃபதேபூரில் பட்டாணியர் வாழும் பகுதியை ஆட்களோடு சேர்த்து அழிக்க வேண்டும். அங்குள்ள துணை ஆட்சியர் பிடிபட்டால் தூக்கிலிட்டு, தலையை வெட்டி, ஊரின் முக்கியமான கட்டிடமொன்றில் செருகி வைக்க வேண்டும். ரெனோவின் படையோடு போன அதிகாரி ஒருவன் சொன்னதை 'டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் பதிவு செய்கிறார்: இரண்டு நாளில் சாலையோரத்தில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் செய்த குற்றம், படை எதிர்ப்பட்டபோது அவர்களுடைய முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கான்பூரில் பீபீகர் என்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேர் கொல்லப்பட்டது ஜூலை 15-இல். படகுத்துறையில் வெள்ளையர்கள் சுடப்பட்டது ஜூன் 27-இல். காசியும் அலகாபாத்தும் இரண்டுக்கும் முந்தியவை. ஆகவே எது எதற்குப் பழி? ஏகாதிபத்தியத்தின் கதையில் பீபீகர் முதலில் வருகிறது, நீல் பிறகு வருகிறான். நடப்பில் நீல் முதலில் வந்தான். அலகாபாத்திலிருந்து எரிந்துகொண்டே வந்த சாலையின் செய்தி கான்பூரை எட்டாமலா இருந்திருக்கும்? பீபீகர்க் கொலையை இதனால் நியாயப்படுத்த முடியாது. நான் நியாயப்படுத்தவும் இல்லை. குழந்தைகளைக் கொன்றவர்களை மக்கள் எழுச்சியின் பெயரால் மன்னிக்கும் பழக்கம் நம் இடதுசாரி எழுத்தில் ஒருபக்கம் இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முன்பின் மாற்றி வைத்த வரிசையே ஒரு அரசியல். எட்வர்ட் தாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் 1925-லேயே, நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள் என்று தன் நாட்டவரிடம் ஒரு சிறு புத்தகம் எழுதிக் கேட்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மவுண்ட் ரோட்டில் சத்தியாக்கிரகம் நடந்தது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் 'பழிவாங்கல்' என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள்.

இதுவரை சொன்னது வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினாலே கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது.

ஜூலை 20-இல் நீல் கான்பூர் வந்தான். ஹாவ்லாக் லக்னோ நோக்கிக் கங்கையைக் கடக்க, ஊர் நீல் கையில் வந்தது. ஜூலை 25-இல் அவன் ஒரு உத்தரவு போட்டான். 1857 பற்றிய அத்தனை நூல்களிலும் மேற்கோள் காட்டப்படும் உத்தரவு அது. பீபீகரின் ரத்தக்கறை படிந்த தரையை வெள்ளையர்கள் கழுவமாட்டார்கள், மரண தண்டனை பெற்ற ஒவ்வொருவனும் தூக்கிலிடப்படுமுன் அந்த வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, கறையில் ஒரு சிறு பகுதியைத் துடைத்தாக வேண்டும், அந்த வேலை அவனுடைய உணர்வுகளுக்கு எவ்வளவு அருவருப்பாக இருக்க முடியுமோ அவ்வளவு அருவருப்பாக ஆக்கப்பட வேண்டும், மறுத்தால் சவுக்கு, துடைத்து முடித்ததும் பக்கத்திலேயே தூக்குமரம். உத்தரவு நிறைவேறிய விதத்தை நீலே கடிதத்தில் எழுதுகிறான். முதலில் கொண்டுவரப்பட்டவன் 6-ஆம் படைப்பிரிவின் சுபேதார், உயர்ந்த பிராமணன். ஒரு துப்புரவுத் தொழிலாளி தன்னுடைய துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தான். அரைச் சதுர அடிபோலத் துடைக்க வேண்டியிருந்தது. மறுத்தான், சவுக்கு விழுந்தது, துடைத்தான், தூக்கிலிடப்பட்டான். பிறகு வந்த முஸ்லிம் அதிகாரி ஒருவன் நாக்கால் நக்கவைக்கப்பட்டான். ரத்தத்தைத் தொடுவது உயர்சாதியினருக்கு ஆன்மாவே நரகத்துக்குப் போகும் காரியம் என்று தனக்குத் தெரியும் என்றும், அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றும் எழுதுகிறான். இது விசித்திரமான சட்டம்தான், ஆனால் சந்தர்ப்பத்துக்குப் பொருந்துகிறது என்ற தோரணையில் ஒரு வாசகமும் உண்டு. தன் காரியங்களில் கடவுளின் விரல் இருப்பதாக நம்பிய ஆள் அவன்.

இந்தப் பிரதியை இதுவரை இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள். ஏகாதிபத்திய வாசிப்பு: கடுமைதான், ஆனால் அந்த நேரத்தின் கடுமை. தேசிய வாசிப்பு: நம் மதத்தையும் மானத்தையும் மிதித்த அரக்கன். இரண்டும் எதிரெதிராகத் தோன்றும். எங்கள் பக்கம் மணலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வாசிப்புக் கூட்டமொன்றில் இந்தக் கடிதத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனபோது, மாநகராட்சித் துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இடைமறித்தார். "தம்பி, அந்தத் தொடப்பத்த எடுத்துக் குடுத்தான் பாரு, அவன் பேரு இன்னா?" கடிதத்தில் பெயர் இல்லை என்றேன். "அய்யருக்கு அரை அடி தொடச்சதுக்கு இம்மாம் புஸ்தகம் எழுதிக்கீறாங்க. மீதி வூட்டத் தொடச்சது யாருன்னு எழுதலியா?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகலைத் தமிழ் படித்து, 'விளிம்பு', 'மௌனங்கள்' என்று பத்து வருஷமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, பலமுறை படித்த அந்த வாக்கியத்தில் எழுவாயாகவே நிற்கும் ஒரு மனிதனைச் சுட்டிக்காட்ட அவர் தேவைப்பட்டார்.

துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தவன் இல்லாமல் இந்தத் தண்டனை இல்லை. சவுக்கு வலிக்கும், தூக்கு கொல்லும். இரண்டும் எந்த நாட்டிலும் யாருக்கும் பொருந்தும். நீல் கண்டுபிடித்த உபரி தண்டனை இந்த மண்ணில் மட்டும்தான் செல்லும். துடைப்பம் தீட்டாக இருக்க வேண்டும். அதைப் பிடிப்பவன் கை தீட்டாக இருக்க வேண்டும். அந்தக் கையிலிருந்து வாங்குவது சாவைவிடக் கேவலமானதாக இருக்க வேண்டும். சாதியை நீல் உடைக்கவில்லை. பிராமணனைத் துடைப்பம் பிடிக்க வைத்ததால் அங்கே ஏதோ சமத்துவம் நிகழ்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் (சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், வெள்ளைக்காரனே விடுதலை கொடுத்தான் கட்சி) அவர்கள் பிரதியைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். சாதி முழு பலத்தோடு இயங்கினால்தான் அவனுடைய கருவி வேலை செய்யும். சாதியை அவன் சவுக்கைப்போல, தூக்குக் கயிற்றைப்போல ஒரு சரக்காகக் கையிருப்பில் வைத்துப் பயன்படுத்தினான்.

தேசிய ஆத்திரத்துக்கும் அதே தீட்டு தேவைப்படுகிறது. அலகாபாத்தின் எட்டு வண்டிகளையும், முகம் திரும்பியிருந்ததற்காகச் செத்த 12 பேரையும்விட, பீபீகரின் அரைச் சதுர அடி ஏன் அதிக ஆத்திரத்தைக் கிளப்புகிறது? சாலையோரத்தில் தொங்கியவர்கள் பெரும்பாலும் பெயரற்ற குடியானவர்கள். அவர்களுடைய சாவு எண்ணிக்கையாகிறது. சுபேதாரின் தீட்டு அவமானமாகிறது, 'தேசத்தின் அவமானம்'. துடைப்பம் தொடக்கூடாத பொருள் என்பதில் நீலுக்கும் அவனை வெறுத்தவர்களுக்கும் ஒரு கருத்து வேறுபாடும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அதைப் பிடித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அது அவமானமா, தண்டனையா, யார் விதித்த தண்டனை, எந்தக் குற்றத்துக்கு என்று கேட்கும் இடம் இந்த இரண்டு கதையாடலிலும் இல்லை.

கொலையின் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். பீபீகரில் சிப்பாய்கள் தயங்கியபோது கடைத்தெருவிலிருந்து கசாப்புக்காரர்கள் உள்ளிட்ட சிலர் கொண்டுவரப்பட்டார்கள் என்று சாட்சியங்கள் சொல்கின்றன. மறுநாள் காலை உடல்களை இழுத்துப்போய்க் கிணற்றில் போட வரவழைக்கப்பட்டவர்கள் துப்புரவு வேலை செய்தவர்கள். நானா சாகிப் தரப்பானாலும் சரி, நீல் தரப்பானாலும் சரி, சாவைத் தொட வேண்டிய இடம் வந்ததும் ஒரே சாதியைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அலகாபாத்தின் எட்டு வண்டிகளில் தூக்கிப் போட்டவர்கள் யாராக இருப்பார்கள் என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆட்சி யாருடையது என்ற சண்டையில் மாறாமலிருந்த ஒரு ஏற்பாடு இது.

இந்த இடத்தில் ஃபூக்கோவை இழுக்காமல் போனால் நம் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். தண்டனை பற்றிய அவருடைய நூல், 1757-இல் பாரிசில் டாமியன் என்பவனை மக்கள் முன்னால் சதை சதையாகப் பிய்த்துக் கொன்றதிலிருந்து தொடங்குகிறது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் உடலை வதைக்கும் காட்சி மறைந்து, சிறையும் கால அட்டவணையும் வந்துவிட்டன என்பது அவர் காட்டும் மாற்றம். சரியாக நூறு வருஷம் கழித்து, அதே ஐரோப்பிய நாகரிகத்தின் ஒரு கிளை, பீரங்கி வாயில் மனிதர்களைக் கட்டிச் சிதறடித்துக்கொண்டிருந்தது. தன் ஊரில் கைவிட்ட காட்சியைக் காலனியில் நடத்தியது. ஃபூக்கோவின் காலவரிசைக்குள் கான்பூர் இல்லை. ஆனால் நாம் இங்கே அவரை மொழிபெயர்த்தும் மேற்கோள் காட்டியும் எழுதிக்கொண்டிருக்கையில் இந்த விடுபடலைச் சேர்த்தே வாசிக்க வேண்டாமா? உடலை வதைப்பதோடு நீல் நிற்கவில்லை. அந்த உடல் எந்தச் சாதியுடையது என்று விசாரித்து அதற்கேற்ற வதையை வடிவமைத்தான். அவனுக்குள் ஒரு இனவரைவியலாளன் இருந்தான். பிற்காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு இவன் முன்னோடி என்றால் கொஞ்சம் மிகை. ஆனால் முழுப் பொய் ஆகாது.

1857 நவம்பரில் கான்பூர் வந்த தலைமைத் தளபதி காலின் கேம்பல், இது ஆங்கிலப் பெயருக்கும் கிறித்துவ அரசுக்கும் ஒவ்வாதது என்று அந்த வழக்கத்தை நிறுத்தினான். தூக்கை நிறுத்தவில்லை. நீல் அதற்குள் செத்திருந்தான் - செப்டம்பர் 25, லக்னோ வீதியில் ஒரு குண்டு. வயது 47. 1860-களின் தொடக்கத்தில் மதராசில் சிலை வந்தது. ஸ்காட்லாந்தில் அவன் ஊர்ப்பக்கம் ஏர் நகரத்தில் இன்னொன்று. மதராஸ்ச் சிலையின் பீடத்தில், வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்தை முதலில் தடுத்தவன் என்று அவனைப் புகழ்ந்து பொறித்திருந்தார்கள். வெள்ளம் என்ற உருவகத்தில் மனிதர்கள் கிடையாது, தண்ணீர்தான். (அவனுடைய படைப்பிரிவு பின்னால் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகி, அயர்லாந்து விடுபட்டபோது 1922-இல் கலைக்கப்பட்டது. ஒரு காலனிக் கலகத்தை அடக்கிப் பெயர் வாங்கிய படை இன்னொரு காலனிக் கலகத்தால் இல்லாமல் போனது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

இனி 1927. சத்தியாக்கிரகத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்தச் சிலையின்மேல் ஏறிச் சம்மட்டியால் அடித்துச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறுமி அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டார். பின்னர் காந்தி அந்தப் பிள்ளைக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போனார். இளைஞராக இருந்த காமராஜர் அடுத்த கட்டத்தை நடத்தத் தயாராக இருந்தார். காந்தி அகிம்சையை நிபந்தனையாக வைத்து ஆதரித்தார். சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்ததும் போராட்டம் ஓய்ந்தது. தலைநகரத்தின் நடுரோட்டில் கொலைகாரன் ஒருவன் வீரனாக நிற்பதைத் தமிழ்நாட்டு எளிய மனிதர்கள் பொறுக்கவில்லை என்பது சாதாரண விஷயமில்லை. பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைத் தண்ணீரில் தள்ளியது 2020-இல் உலகச் செய்தியானது. நம் ஆட்கள் 93 வருஷம் முந்தியே சம்மட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதே 1927 மார்ச் மாதத்தில்தான் மகாத் ஊரில் அம்பேத்கர் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதே வருஷம் டிசம்பர் 25-இல் மனுஸ்மிருதியை எரித்தார். அதே வருஷம்தான் தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தில் வருணாசிரமத்துக்குக் காந்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூரில் பெரியார் அவரைச் சந்தித்து வாதிட்டார். ஒரே வருஷத்தில் நடந்த இவற்றை நம் வரலாறு வேறு வேறு அத்தியாயங்களில் பிரித்து வைத்திருக்கிறது. நீல் சிலை தேசியப் போராட்ட அத்தியாயத்தில், மகாத் சமூக சீர்திருத்த அத்தியாயத்தில், பெங்களூர் சந்திப்பு சுயமரியாதை அத்தியாயத்தில். சேர்த்து வைத்துப் படித்தால் என்ன ஆகும்? நீலின் கொடுமையாக மேடைகளில் சொல்லப்பட்ட துடைப்பமும், மகாத் குளத்தில் கை வைக்கக்கூடாது என்று சொன்ன தீட்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்று தெரிந்துவிடும். பிரித்து வைத்தது வசதிக்காக என்று நான் நம்பவில்லை.

இதை எழுதும்போது எதிர்ப்பக்கத்தில் விழும் ஆபத்தும் தெரிகிறது. துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தவனை ஒரு பழிதீர்க்கும் வீரனாக, பிராமணனைத் துடைக்க வைத்த முதல் தலித்தாக ஆக்கிவிடலாம். உத்தரப் பிரதேசத்தில் தலித் அரசியல் 1857-ஐத் தன்னுடையதாக்கிக்கொண்ட விதம் வேறு. மாதாதீன், ஜல்காரிபாய் என்று எழுச்சியின் பக்கம் நின்றவர்களை மீட்டெடுத்தார்கள், அதைப் பத்ரி நாராயண் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அம்பேத்கரோ வேறொரு கணக்குப் போட்டார். வங்காளப் படையின் உயர்சாதிச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, தீண்டப்படாதவர்கள் இடம்பெற்றிருந்த பம்பாய், மதராஸ் படைகள்தான் அதை அடக்க உதவின என்றும், பிற்பாடு அதே மக்களுக்குப் பட்டாளக் கதவை மூடிவிட்டு வெள்ளைக்காரன் நன்றி காட்டினான் என்றும் எழுதினார். இந்தக் கணக்கு நமக்கு நேரடியாகப் பொருந்தும். நீலின் படை வெள்ளைக்காரப் படை என்று சொல்லி மதராஸ் தப்பிக்க முடியாது. 1857 நவம்பரில் கான்பூரில் கார்த்யூ தலைமையில் நின்றது மதராஸ் சுதேசிக் காலாட்படை. அதேசமயம், வடக்கே போகமாட்டோம் என்று மறுத்த மதராஸ் 8-ஆம் குதிரைப்படையை பூந்தமல்லியில் ஆயுதம் களைந்து, குதிரைகளைப் பிடுங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 'தென்னாடு அமைதியாக இருந்தது' என்ற வாக்கியத்துக்குள் இந்த இரண்டும் கிடக்கின்றன. இன்னொன்றும் கிடக்கிறது. மதராசுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. அந்த வேலை தொடங்கவே 1870-கள் ஆயின. கரையிலிருந்து கப்பலுக்கு ஏற வேண்டும் என்றால் கட்டு மரத்தையோ, கயிற்றால் தைத்த மசூலாப் படகையோ நம்ப வேண்டும். நீலின் ஆட்களை அலை தாண்டிக் கொண்டுபோய் ஏற்றியது வடசென்னைக் கடற்கரைப் படகோட்டிகளின் துடுப்பாகத்தான் இருக்க முடியும். அவர்களைத் துரோகிகள் என்பீர்களா? கூலிக்கு ஏற்றினார்கள். துடைப்பத்தைக் கொடுத்தவனும் கொடுக்கச் சொன்னதால் கொடுத்தான். மறுத்திருந்தால் சவுக்கு யார் முதுகில் விழுந்திருக்கும் என்பது தெரிந்ததுதானே. கொடுக்கும்போது உள்ளுக்குள் என்ன நினைத்தான் என்பதை என்னால் எழுத முடியாது. எழுதினால் அது என் சிறுகதையாகிவிடும், அவனுடைய வரலாறாகாது.

பெரியவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, மீதி வீட்டைத் துடைத்தது யார் என்பதற்கு, என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியின் முகவரி கான்பூரில் மட்டும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். கழிவுநீர்க் குழிக்குள் சாவதற்கான இழப்பீட்டை 2014-இல் 10 லட்சமாகவும் 2023-இல் 30 லட்சமாகவும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. சாவு நிற்காததால்தானே தொகை ஏறுகிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அந்த 13 நாளும் அவர்கள் கேட்டது, துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு நிரந்தரமும் சம்பளமும். தலைமுறையாகப் பிடித்துவரும் துடைப்பத்தை அவர்கள் போராட்டப் பொருளாக்கிய விதம் நீலுக்கும் தெரியாதது, நீல் சிலையை உடைத்த தேசியத்துக்கும் தெரியாதது. அதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். என்னைவிட அந்தத் தெருவில் வேலை செய்கிறவர்களே எழுதினால் நன்றாக இருக்கும்.

அந்தமானில் நீல் தீவு என்றிருந்ததை 2018 டிசம்பரில் ஷாஹீத் தீவு என்று மாற்றினார்கள். பெயர்ப்பலகைகள் மாறின. பெயர் மாற்றத்தால் வாசிப்பு மாறிவிடாது என்பதற்கு எழும்பூருக்குப் போன சிலையே சாட்சி. இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். பாடநூலில் அந்தப் பத்தியை அடுத்த முறை திருத்தும்போது 'பழிவாங்கல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தேதிகளை நடந்த வரிசையில் போடட்டும்: ஜூன் 4 காசி, ஜூன் 11 அலகாபாத், ஜூன் 27 படகுத்துறை, ஜூலை 15 பீபீகர், ஜூலை 25 உத்தரவு. இடம் இருந்தால் இன்னொரு வரி சேர்க்கட்டும். சுபேதாரின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவன் ஒரு துப்புரவுத் தொழிலாளி. கடிதத்தில் அவன் பெயர் எழுதப்படவில்லை.